‘ரத்தம் கம்மி’ என்றால் எது கம்மி?

என் அத்தைக்குப் பச்சரிசி மெல்லும் பழக்கம் இருந்தது. உலை வைக்க அரிசி களையும்போது ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். மத்தியானம் வேலை முடிந்து உட்காரும்போது முந்தானையில் கொஞ்சம் முடிந்து வைத்திருப்பார். “பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை வரும்” என்று சின்ன வயதில் பாட்டி அதட்டியிருக்கிறார். கல்யாணம் ஆகி, மூன்று பிள்ளைகள் பிறந்து, நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கூடிக்கொண்டுதான் போனது.

மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டுவார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “ரத்தம் கம்மியா இருக்கும்மா” என்று ஒரு டானிக் எழுதிக் கொடுப்பார்கள். பாட்டில் தீரும், கொஞ்சம் தெம்பு வரும், நாலு மாதத்தில் பழையபடி ஆகும், இன்னொரு பாட்டில் வரும். இப்படியே ஆறேழு வருஷம் ஓடியது. ஒருமுறை பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 7.4 என்று வந்தது. அந்தச் சீட்டை எங்கள் வீட்டில் எல்லோரும் பார்த்தோம். “கம்மியாத்தான் இருக்கு” என்று சொன்னோமே தவிர, ஏன் கம்மி ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

‘ரத்தம் கம்மி’ என்பது வசதியான சொல். கேட்டவுடன் புரிந்த மாதிரி இருக்கும். உண்மையில் ரத்தத்தின் அளவு அங்கே குறைவதில்லை. வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது, ரத்தசோகை உள்ளவர் உடம்பிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். குறைவது அதற்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின். அது குறைய மூன்றே வழிகள்தான் உண்டு. உற்பத்தி போதவில்லை, உற்பத்தியானது வெளியே கசிகிறது, அல்லது உள்ளேயே காலத்துக்கு முன்னால் அழிகிறது. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் கொடுக்கிற டானிக், ஓட்டை எங்கே என்று பார்க்காமல் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

ஊதா மூடிக் குழாய்

சி.பி.சி. என்ற ரத்த அணுக்கள் பரிசோதனைக்கு ஊதா நிற மூடி போட்ட சின்னக் குழாயில் இரண்டு மூன்று மில்லி ரத்தம் எடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க உள்ளே மருந்து தடவியிருக்கும். அந்தக் குழாயை இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றி எடுத்தால் ரத்தம் மூன்று அடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே பாதிக்குச் சற்று அதிகமாக, வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள். இரண்டுக்கும் நடுவில் பாலாடை போல ஒரு மெல்லிய வெண்படலம். மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட வராத அந்தப் படலத்தில்தான் வெள்ளையணுக்கள், தட்டணுக்கள் (பிளேட்லெட்) எல்லாம் இருக்கின்றன. அடியில் உள்ள சிவப்பு அடுக்கு மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதுதான் சீட்டில் ‘பி.சி.வி.’ என்று வருவது. ஆண்களுக்கு 45, பெண்களுக்கு 40 என்ற கணக்கை ஒட்டி இருக்கும். டெங்கு பற்றிப் பேசும்போது இந்த எண் திரும்ப வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பணு விசித்திரமான ஒரு அணு. உடம்பில் மற்ற அணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே ஒரு கரு இருக்கும். சிவப்பணு எலும்பு மஜ்ஜையிலிருந்து வெளியே வருவதற்கு முன்னாலேயே தன் கருவைத் துப்பிவிடுகிறது. ஹீமோகுளோபினுக்கு இடம் வேண்டுமே. நடுவில் இரண்டு பக்கமும் குழிந்த தட்டு வடிவத்தில், ஏழெட்டு மைக்ரான் அகலத்தில் இருக்கும். தன்னைவிடக் குறுகலான நுண்குழாய்க்குள் கூட மடங்கி நுழைந்து போய்விடும். ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள் (இங்கே அணு என்பது செல் அல்ல, ‘ஆட்டம்’). நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடிப்பதும் உடம்பின் மூலைமுடுக்கில் இறக்கிவிடுவதும் அந்த இரும்பை வைத்துத்தான்.

கரு இல்லாததால் அதனால் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள முடியாது. 120 நாள் ஓடித் தேய்ந்ததும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள பெருவிழுங்கி அணுக்கள் அதைப் பிடித்துப் பிரித்துவிடும். உடம்பில் இருக்கும் 25 லட்சம் கோடி சிவப்பணுக்களை 120 நாளைக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டுமானால் மஜ்ஜை விநாடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல் புது அணுக்களைச் செய்ய வேண்டும். நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் கோடிக்கு மேல் செய்திருக்கும்.

இரும்புக் கணக்கு

இந்த உற்பத்திக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவதோ ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். மீதி எங்கிருந்து வருகிறது? தேய்ந்த சிவப்பணுக்களைப் பிரிக்கும்போது கிடைக்கும் இரும்பை உடம்பு ஒரு துளி விடாமல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பழைய நகையை உருக்கிப் புது நகை செய்வது போல, அதே இரும்புதான் மறுபடி மறுபடி சுற்றுகிறது. மொத்த உடம்பிலும் இருப்பது மூன்று, நான்கு கிராம். இவ்வளவு சிக்கனமான ஏற்பாட்டில் ஒரே ஒரு பலவீனம்: ரத்தம் உடம்பை விட்டு வெளியே போனால் அந்த இரும்பு திரும்ப வராது.

ஒரு மில்லி ரத்தத்தில் அரை மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது. மாதவிடாயில் 40 மில்லி போனால் 20 மில்லிகிராம் இரும்பு போச்சு. 80 மில்லிக்கு மேல் போனால் அதை அதிகப்படியான உதிரப்போக்கு என்றே மருத்துவம் சொல்கிறது. அப்போது மாதம் 40 மில்லிகிராம் போகும். குடல் ஒரு மாதம் முழுக்கச் சேர்த்ததில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் ஒரு கிராம் அளவுக்கு இரும்பு தேவைப்படுகிறது. இரண்டு மூன்று பிரசவம், இடையில் போதிய இடைவெளி இல்லை, எல்லோரும் சாப்பிட்டபிறகு மிச்சம் இருப்பதைச் சாப்பிடும் வழக்கம். கையிருப்பு எப்படி மிஞ்சும்?

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம். தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கு மேல். பாதிப்பேருக்கு மேல் இருப்பதாலேயே இது இயல்பு என்று ஆகிவிட்டது. ‘பொம்பளைங்கன்னா கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்’ என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 (நடு மூன்று மாதங்களில் மட்டும் 10.5), ஆண்களுக்கு 13. இதற்குக் கீழே போனால் யாராக இருந்தாலும் ரத்தசோகைதான். பெண்ணாகப் பிறந்ததற்காக 9இல் வாழப் பழகிக்கொள்ள வேண்டும் என்று எந்த மருத்துவ நூலிலும் இல்லை.

அத்தை மென்ற பச்சரிசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. உணவல்லாததையோ, சமைக்காத அரிசி போன்றதையோ தின்னத் தோன்றுவதை மருத்துவர்கள் ‘பைகா’ என்கிறார்கள். விபூதி, சிலேட்டுக் குச்சி, சாம்பல், சுவர்ச் சுண்ணாம்பு, செங்கல் துண்டு, ஐஸ் கட்டி என்று ஆளுக்கு ஒன்று. இரும்புச் சத்து வற்றும்போது ஏன் இப்படித் தோன்றுகிறது என்பதற்கு முழு விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் இரும்பு ஏறியதும் பெரும்பாலானவர்களுக்கு அந்த ஆசை தானாகவே அடங்கிவிடுகிறது. அதனால் உங்கள் வீட்டில் யாராவது பச்சரிசியோ பலப்பமோ தின்றால் அதட்டாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

அடுத்த கேள்வி, இரும்பு ஏன் வற்றியது. மாதவிடாய்தான் காரணம் என்றால் உதிரப்போக்கு ஏன் அதிகம், கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆணாக இருந்தாலோ மாதவிடாய் நின்ற பெண்ணாக இருந்தாலோ கேள்வி இன்னும் அவசரமானது. ஐம்பது வயது ஆணுக்கு இரும்புக் குறைவால் ஹீமோகுளோபின் 9 என்று வந்தால், வேறு காரணம் தெரியும்வரை, குடலில் எங்கோ ரத்தம் கசிகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மூல நோயாக இருக்கலாம், வயிற்றுப் புண்ணாக இருக்கலாம், மூட்டு வலிக்கு வருஷக்கணக்கில் விழுங்கிய மாத்திரையின் வேலையாக இருக்கலாம், பெருங்குடல் புற்றாகவும் இருக்கலாம். புற்று ஆரம்பத்தில் வேறு எந்த அறிகுறியும் காட்டாமல் ரத்தசோகையாக மட்டும் தலைகாட்டுவது உண்டு. அந்த நேரத்தில் ஒரு டானிக் கொடுத்து எண்ணை உயர்த்திவிட்டால், எச்சரிக்கை மணியை நிறுத்தியது போல் ஆகிவிடும்.

சீட்டில் அடுத்த வரியையும் படியுங்கள்

சி.பி.சி. சீட்டில் ஹீமோகுளோபினைப் பார்த்ததும் மடித்துப் பையில் வைத்துவிடுகிறோம். அதற்குக் கீழே எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது. 80 முதல் 100 வரை சரியான அளவு. ஏன் குறைந்தது என்ற கேள்விக்குப் பாதி பதில் இந்த வரியிலேயே கிடைத்துவிடும்.

கண்ணாலும் பார்க்கலாம். ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் வைப்பார்கள். இன்னொரு தகட்டைச் சாய்த்துப் பிடித்து, சொட்டைத் தொட்டு, ஒரே இழுப்பில் தள்ளுவார்கள். நாக்கு வடிவத்தில் ஒரு மெல்லிய பூச்சு விழும். உலரவிட்டு, லீஷ்மன் சாயம் ஊற்றிக் கழுவி, நுண்ணோக்கியில் வைத்தால் சிவப்பணுக்கள் இளஞ்சிவப்பு வட்டங்களாகத் தெரியும். நடுவில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெளிறியிருக்கும். இரும்பு குறைந்தவரின் ரத்தத்தில் வட்டங்கள் சிறுத்துப்போய், நடுவெளிறல் அகன்று, ஓரத்தில் மட்டும் வளையல் போல மெல்லிய நிறக்கோடு மிச்சம் இருக்கும். சில அணுக்கள் பென்சில் மாதிரி நீண்டு கிடக்கும். எத்தனை நவீன இயந்திரம் வந்தாலும் சந்தேகம் என்று வந்துவிட்டால் ரத்த நோய் நிபுணர் இந்தத் தகட்டைத்தான் கேட்டு வாங்குகிறார்.

சரி, எம்.சி.வி. 100க்கு மேலே போயிருந்தால்? அணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிது என்று அர்த்தம். பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அணு பிரிவதற்கு டி.என்.ஏ. பிரதி எடுக்க வேண்டும், அதற்கு இந்த இரண்டும் வேண்டும். அவை இல்லாதபோது அணு வளர்கிறது, ஆனால் பிரிய முடியாமல் பருத்துக்கொண்டே போகிறது. பி12 இயற்கையில் அசைவ உணவிலும் பால், தயிர், முட்டையிலும்தான் கிடைக்கும். சுத்த சைவம், அதிலும் பால் சேர்க்காதவர்களுக்குக் குறைவதில் ஆச்சரியம் இல்லை. கல்லீரலில் சில வருஷத்துக்கான இருப்பு இருப்பதால் மெதுவாகத்தான் வெளியே தெரியும். கால் மதமதப்பு, நடையில் தடுமாற்றம், மறதி என்று நரம்புகளிலும் தெரியும். இங்கே இரும்பு மாத்திரை எத்தனை போட்டாலும் பயன் இல்லை. வெறும் ஃபோலிக் அமிலம் கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறிவிடும், நரம்புச் சேதம் மட்டும் சத்தமில்லாமல் தொடரும்.

ஃபோலிக் அமிலத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் மும்பைக்கு வந்தார். அங்கே நெசவாலைப் பகுதியில் கர்ப்பிணிகள் கடுமையான ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள், அணுக்கள் பெரிதாக இருக்கும் வகை. உணவில்தான் ஏதோ இல்லை என்று சந்தேகப்பட்டு, ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் ஈஸ்ட்டிலிருந்து செய்கிற, ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மலிவான மார்மைட் பலன் கொடுத்தது. 1931இல் அதை வெளியிட்டார். அதற்குள் என்ன பொருள் இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அதுதான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

அதை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்து காட்டிய அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய சகோதரர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்தவர். உணவின் சத்தை உறிஞ்ச விடாமல் செய்து, இதே வகை ரத்தசோகையைக் கொண்டுவரும் நோய் அது. 1945 வாக்கில் ஃபோலிக் அமிலம் தயாரானது. அப்புறம் நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது புற்று வேகம் எடுப்பதைக் கண்டார். அப்படியானால் அந்தச் சத்தைத் தடுத்தால்? ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவம் காட்டி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் அமினோப்டெரின் என்ற மருந்தை சுப்பாராவின் குழு செய்து கொடுத்தது. 1948இல் ஃபார்பர் தன் முடிவுகளை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம். தற்காலிகம்தான் என்றாலும், அதுவரை ஒரு மருந்துக்கும் அசையாத நோய் முதல்முறையாகப் பின்வாங்கியது. இன்று நல்ல வசதியுள்ள மையங்களில், குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் குணமாகிறார்கள். அவர்கள் எடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட், அந்தப் பழைய மருந்துக்குத் தம்பி முறை. மும்பை நெசவாலைப் பெண்களின் ரத்தசோகையில் ஆரம்பித்த ஒரு கேள்வி இவ்வளவு தூரம் போயிருக்கிறது.

இரும்பு கொடுக்கக் கூடாத ரத்தசோகை

எம்.சி.வி. 80க்குக் கீழே என்றால் உடனே இரும்புக் குறைவு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஹீமோகுளோபினைச் சரியாகச் செய்ய முடியாத தலசீமியா என்ற மரபு நோயின் ‘கேரியர்’களுக்கும், அதாவது நோய் வராமல் அந்த மரபுக் குறையை மட்டும் சுமப்பவர்களுக்கும், அணுக்கள் சிறிதாகத்தான் இருக்கும். ஒரு வித்தியாசம் உண்டு. இரும்பு குறைந்தவருக்குச் சிவப்பணு எண்ணிக்கையும் குறையும். கேரியருக்கு எண்ணிக்கை குறையாது, சில சமயம் கூடுதலாகவே இருக்கும். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்து 13க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் சந்தேகப்படுங்கள் என்று ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. உறுதி செய்ய ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் தனிப் பரிசோதனை உண்டு.

கேரியராக இருப்பது நோய் இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாமல் எண்பது வயது வரை வாழலாம். ஆனால் கணவன், மனைவி இருவருமே கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வருவதற்கு. அந்தக் குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க. ஏற்றும் ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வருகிறது. அதை வெளியேற்ற உடம்பில் வழி இல்லை. இதயத்திலும் கல்லீரலிலும் போய்ப் படியும். ஊரில் பாதிப் பெண்கள் இரும்பு இல்லாமல் தவிக்க, இந்தப் பிள்ளைகள் இரும்பை வெளியேற்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் பெயர் ‘ரத்தம் கம்மி’தான். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் முடிக்கிற நம் வழக்கத்தில் இருவரும் ஒரே குறையைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஜாதகம் பார்க்கிற நேரத்தில் இந்த ஒரு பரிசோதனையும் செய்துகொண்டால் எவ்வளவோ கண்ணீர் மிச்சமாகும் என்பது என் எண்ணம்.

மரபில் வரும் இன்னொன்று அரிவாள் அணு நோய். இந்தியாவில் அது இருப்பதை 1952இல் முதலில் கண்டறிந்தது நீலகிரியில்தான். ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் அங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து எழுதினார்கள். ஹீமோகுளோபின் சங்கிலியில் ஆறாவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆக்சிஜனை இறக்கியதும் ஹீமோகுளோபின் கம்பி கம்பியாகக் கோத்துக்கொள்ளும், வட்ட அணு அரிவாள் போல வளையும். வளைந்தது நுண்குழாயில் சிக்கி அடைக்கும். எலும்பை உடைப்பது போன்ற வலி என்று நோயாளிகள் சொல்வார்கள். 120 நாள் வாழவேண்டிய அணு பத்து, இருபது நாளில் அழிந்துவிடுகிறது. இதை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களை மலேரியா அவ்வளவாகத் தாக்குவதில்லை, அதனால்தான் மலேரியா மண்டிய காடுகளில் வாழ்ந்த மக்களிடம் இந்த மரபு நிலைத்தது. கூடலூரில் ஆதிவாசி மக்களுக்காக அஷ்வினி அமைப்பு நடத்தும் மருத்துவமனை நீண்ட காலமாக இந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. 2047க்குள் ஒழிப்பது என்ற இலக்கோடு 2023 ஜூலையில் மத்திய அரசும் ஒரு இயக்கத்தைத் தொடங்கியிருக்கிறது.

சர்க்கரை நோயில் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்பணு செய்யச் சொல்லி மஜ்ஜைக்கு உத்தரவு போடும் ஹார்மோன் சிறுநீரகத்திலிருந்துதான் வருகிறது. சிறுநீரகம் படுத்தால் உத்தரவு போகாது. அவர்களுக்கு அந்த ஹார்மோனையே ஊசியாகப் போட வேண்டியிருக்கும்.

வெள்ளையும் தட்டும்

வெள்ளையணுக்கள் ஒரு மைக்ரோலிட்டரில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். பாதிக்கு மேல் நியூட்ரோஃபில். பாக்டீரியா நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிப்போய் விழுங்கிச் சாகும், சீழ் என்பது பெரும்பாலும் அவற்றின் உடல்கள்தான். அடுத்து லிம்ஃபோசைட். வைரஸைக் கவனிப்பதும், ஒருமுறை வந்த எதிரியை ஞாபகம் வைப்பதும் அவை. தடுப்பூசி வேலை செய்வது இந்த ஞாபகத்தை நம்பித்தான். எண்ணிக்கை சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ பயப்பட ஒன்றுமில்லை, சாதாரணக் காய்ச்சலிலேயே அப்படி ஆகும். ஆனால் விடாத காய்ச்சல், கால் எலும்பு வலி, காரணமில்லாத கன்றிய தழும்புகள், வெளிறல் என்று ஒரு குழந்தையிடம் சேர்ந்து தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. அது ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், முதிராத வெள்ளையணுக்கள் மஜ்ஜையை அடைத்துக்கொண்டு மற்ற இரண்டு வகைக்கும் இடம் கொடுக்காத நிலை. அங்கேயும் சீட்டில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் ‘ரத்தம் கம்மி’தான்.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வெள்ளையணு ஈஸினோஃபில். “எனக்கு ஈஸ்னோபீலியா” என்று வருஷம் முழுக்கத் தும்முகிறவர்கள் சொல்வார்கள். ஒவ்வாமையில் அது கூடும் என்பது சரி, வயிற்றுப் புழுவிலும் கூடும். ஹீமோகுளோபினும் குறைந்து ஈஸினோஃபிலும் ஏறியிருக்கிறது, ஆள் செருப்பில்லாமல் வயலில் வேலை செய்பவர் என்றால் கொக்கிப்புழுவை நினைக்க வேண்டும். பாதத் தோலைத் துளைத்து உள்ளே வந்து, குடல் சுவரைக் கவ்விக்கொண்டு, ஒரு புழு ஒரு நாளைக்கு 0.2 மில்லி வரை ரத்தம் குடிக்கும். நூறு புழு இருந்தால் தினம் 20 மில்லி. மேலே போட்ட இரும்புக் கணக்கில் வைத்துப் பாருங்கள், எந்தக் கீரையாலும் ஈடுகட்ட முடியாது. பள்ளிகளில் கொடுக்கிற குடற்புழு மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து தூக்கிப்போடும் பெற்றோர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

தட்டணுக்கள் முழு அணுக்கள் கூட இல்லை. மஜ்ஜையில் உள்ள ஒரு ராட்சத அணுவிலிருந்து உதிரும் துணுக்குகள். ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும், ஒரு வாரம் பத்து நாள் வாழும். ரத்தக்குழாய் கிழிந்த இடத்தில் முதலில் போய் ஒட்டி அடைப்பது அவைதான். டெங்கு காலத்தில் வீட்டுக்கு வீடு இந்த எண்ணைத்தான் பேசுகிறார்கள். 80,000 ஆனதும் ரத்தம் தேடி ஓடுகிறார்கள். பத்தாயிரத்துக்குக் கீழே போனாலோ, ரத்தக் கசிவு தெரிந்தாலோதான் பொதுவாகத் தட்டணுக்கள் ஏற்றுவார்கள். டெங்குவில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் வேறொன்று, குழாய்ச் சுவர் வழியே பிளாஸ்மா வெளியே கசிவது. அப்போது ரத்தம் கெட்டியாகிறது, பி.சி.வி. ஏறுகிறது. 36 இருந்தது 44 ஆனால் அது பெரிய எச்சரிக்கை. அதுவும் நடப்பது காய்ச்சல் இறங்கும் சமயத்தில், “அப்பாடா, ஜுரம் விட்டுடுச்சு” என்று நாம் மூச்சுவிடும் நேரத்தில். வயிற்று வலி, ஓயாத வாந்தி, கை கால் ஜில்லென்று ஆவது இருந்தால் தட்டணு எண்ணுக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இன்னொன்று: எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குத் திடீரென்று 30,000 என்று வந்தால் குழாயில் உள்ள மருந்தால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம், இயந்திரம் கொத்தை ஒன்றாக எண்ணியிருக்கும். தகட்டில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சாப்பாடும் மாத்திரையும்

பீட்ரூட், மாதுளை சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்பது நிறத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை. இரண்டிலும் இரும்பு மிகக் குறைவு. ஈரல், இறைச்சி, மீனில் உள்ள இரும்பை உடம்பு எளிதில் உறிஞ்சும். கீரை, பயறு, கம்பு இவற்றில் இருப்பதை அவ்வளவு எளிதில் உறிஞ்சாது. கூட ஒரு எலுமிச்சை பிழிந்தாலோ நெல்லிக்காய் சேர்த்தாலோ கூடுதலாக ஏறும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

ஆனால் ஹீமோகுளோபின் 7, 8 என்று போனபிறகு சாப்பாட்டால் மட்டும் ஏற்ற முடியாது. மாத்திரை வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், மலச்சிக்கல் வரும், வயிற்றைப் பிரட்டும். கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் ஏராளம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய சிவப்பு மாத்திரைகள் எத்தனை வீட்டு அலமாரியில் அட்டையோடு கிடக்கின்றன! ஒரு வேளை இரும்பு விழுங்கியதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து அடுத்த ஒரு நாளைக்குக் குடலின் வாசலைப் பாதி மூடிவிடுகிறது. அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகமாக உறிஞ்சப்படுகிறது, வயிற்றுத் தொந்தரவும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்தாமல், இதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எண் சரியானபிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும், அப்போதுதான் கையிருப்பு நிரம்பும். கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற தனிப் பரிசோதனை.

அத்தைக்குக் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு இளம் பெண் மருத்துவர். சீட்டை மேலிருந்து கீழ்வரை படித்தார். எம்.சி.வி. 62. “மாசம் எத்தனை நாள்மா போகும்? ஒரு நாளைக்கு எத்தனை துணி மாத்துவீங்க?” என்றார். ஆறேழு வருஷத்தில் அதை யாருமே கேட்டதில்லை என்பதால் அத்தை பதில் சொல்லவே தயங்கினார். பத்து நாள், கட்டி கட்டியாக. ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்த்திசுக் கட்டிகள் தெரிந்தன. ரத்தநாளம் வழியாக இரும்பு ஏற்றினார்கள், ஹீமோகுளோபின் 10ஐத் தாண்டியதும் அறுவைசிகிச்சை செய்தார்கள்.

இரும்பு ஏற்றிய மூன்றாவது வாரம் நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார். ஒரு பிடி அள்ளினார், பார்த்தார், பானையிலேயே போட்டுவிட்டார். “என்னமோ தெரியலப்பா, இப்பல்லாம் வாயில போடணும்னே தோண மாட்டேங்குது” என்றார்.